பத்தரை அங்குலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தள்ளிப்போட்ட வருஷங்களில் ஒருவன் பிறந்து, வளர்ந்து, தொழில் கற்று, கல்யாணமும் கட்டியிருப்பான். ஒவ்வொரு தபசு காலத்திலும் நோட்டை எடுப்பேன். முதல் பக்கத்தின் தலையில் சிறு சிலுவை போடுவேன். உயிர்த்த திருநாள் வந்ததும் மூடி வைத்துவிடுவேன். சிலுவை மட்டும் போட்ட நோட்டுகள் என் பெட்டியில் நாலைந்து இருக்கின்றன.

இப்போது எழுத வைத்தது நம் தச்சர் சங்கத்துப் பிள்ளைகள். சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன், "ஓட்டு வீட்டுக்கு வாட்டம் போடும்போது ரெண்டு கோடியும் அளக்காம கணக்கு போடாதேன்றது நீங்க வச்ச சட்டமாமே மேஸ்திரி? இன்னிக்கும் சூசை மேஸ்திரி முறைன்னுதான் எல்லாரும் சொல்றாங்கோ" என்றான். நான் சிரித்து வைத்தேன். அவர்கள் போனபின் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தேன். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள், பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாரை விட்டால், உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவன் இப்போது இல்லை.

நான் படித்தது அஞ்சாங் கிளாஸ். வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாகச் சொல்வேன். அப்பாவுக்குப் பிறகு கல்மண்டபத்துப் பக்கம் ஒரு மரத்தொட்டியில் சேர்ந்து பலகை அறுத்தேன். குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானபோது நாங்கள் துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி அடித்துக்கொண்டு இங்கேயே கிடந்தோம். சண்டை முடிந்த பிறகு வரதன் மேஸ்திரியிடம் கூரை வேலைக்கு வந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

வரதன் மேஸ்திரியைப் பற்றி அப்படி இரண்டு வரியில் முடிக்க முடியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வார். அந்தத் துண்டு தலைக்கு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் நாங்கள் வேலை செய்வோம். யார் மேல் நம்பிக்கை வைத்தாரோ அவன் கையில் தன் மூலைமட்டத்தைக் கொடுப்பார். தேக்கில் செய்து ஓரத்தில் பித்தளை அடித்த மூலைமட்டம். அதை வைத்திருப்பவன்தான் அந்த வீட்டின் வாட்டத்தைத் தீர்மானிக்கிற ஆள். இரண்டு மூன்று வீடுகளுக்குத் தொடர்ந்து அதை வாங்கியவன் அவருக்கு அடுத்த மேஸ்திரி.

வாட்டம் என்பது கூரையின் சரிவு. வீட்டின் அகலத்தில் பாதியை எடுத்துக்கொள். அந்தப் பாதியில் ஒவ்வொரு அடிக்கும் முகடு எத்தனை அங்குலம் உயர வேண்டும் என்பதுதான் கணக்கு. சீமை ஓட்டுக்கு, எங்கள் கடற்கரை மழைக்கு, அடிக்கு ஏழு அங்குலம் என்பது மேஸ்திரியின் அளவு. ஏன் ஏழு என்று கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. சரித்து வைத்த ஒரு பலகையில் இரண்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்று கவ்வ வைத்து, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார். "சூசை, கீழருந்து ஊது" என்றார். பலகை அடிக்கு அஞ்சு அங்குலம் சரிந்திருந்தபோது நான் ஊதிய காற்றில் தண்ணீர் திரும்பி மேலேறி, ஓடுகளின் இடுக்கில் புகுந்து அடியில் சொட்டியது. ஆறில் இடுக்கு வரை வந்து தயங்கியது. ஏழில் எவ்வளவு ஊதியும் தண்ணீர் திரும்பவில்லை.

"ஒன்பது வச்சா இன்னும் நல்லா ஓடுமே மேஸ்திரி?"

"ஓடும். ஓடும் சேர்ந்து ஓடிடும். காத்து புடிச்சிகினு போவ தோதா வுட்டுட்டியே" என்றார்.

ஏழுக்கு மேல் எட்டரை வரை போகலாம். கீழே ஆறைத் தொடக்கூடாது. இதுதான் எங்கள் வேதம்.

இப்படியிருக்கும்போது ஏழுமலை வந்தான். காத்திவாக்கத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். கட்டுமரம், படகு என்று மரத்தோடு வளர்ந்தவன். எழுத்து ஒன்று தெரியாது. கையில் எப்போதும் மீன் வாடை. வந்த முதல் வாரம் மேஸ்திரி எங்கள் இருவரிடமும் ஒரு வீட்டுக்கு உயரம் கேட்டார். பதினாலு அடி அகலம். நான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வழக்கப்படி சிலுவை போட்டு, பாதி ஏழு, ஏழேழு நாற்பத்தொன்பது என்று எழுதி நிமிர்வதற்குள் ஏழுமலை ஒரு கயிற்றை நீட்டிக்கொண்டு நின்றான்.

"இவ்ளோ ஒசரம் மேஸ்திரி."

மேஸ்திரி அளந்து பார்த்தார். நாற்பத்தொன்பது அங்குலம்.

அவன் செய்தது இதுதான். அகலத்துக்குக் கயிறு பிடித்தான். அதைப் பாதியாக மடித்து, அந்தப் பாதியை இரண்டாக, மறுபடி இரண்டாக, பிறகு மூன்றாக மடித்தான். பன்னிரண்டு மடிப்பு. அதில் ஏழு மடிப்பை விட்டு முடிச்சுப் போட்டான். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் எந்த அகலத்துக்கும் ஏழு மடிப்புதான் உயரம். பெருக்கல் கிடையாது, பென்சில் கிடையாது.

மேஸ்திரி சிரித்தார். அவருக்கு இரண்டு பல் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இன்னா சூசை, நீ இன்னும் வாய்ப்பாட்டுக்கு ஜெபம் பண்ணிகினு கீறியா?" என்றான் ஏழுமலை. வேடிக்கைக்குத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எனக்குள் போய்ப் புளித்தது.

அதற்குப் பிறகு நான் வேலையைவிட அவர்கள் இருவரையும் பார்த்ததுதான் அதிகம். மேஸ்திரி தன் தம்ளரிலிருந்து பாதி டீயை யாருக்கு ஊற்றுகிறார்? வெற்றிலையின் நுனியைக் கிள்ளி யாரிடம் நீட்டுகிறார்? என்னைச் சூசை என்பார், அவனை மட்டும் "ஏழு, ஏழு" என்று பாதிப் பேரில் கூப்பிடுவார். பன்னிரண்டு மடிப்பை ஒருநாள் வீட்டில் என் மனைவியின் கொடிக்கயிற்றில் செய்து பார்த்தேன். சரியாக வந்தது. அது சரியாக வந்ததே எனக்குப் பொறுக்கவில்லை. துணி காயப்போட வந்தவள், "கவுத்துல இன்னாத்துக்கு முடிச்சு போட்டு வச்சுகீற?" என்று கேட்டாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, "காய்மகாரம், சாமி" என்றேன். ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழில் பொறாமைக்கு அதுதான் பெயர்.

"எத்தனை தடவை?" என்றார் சாமியார்.

"வேலைக்குப் போற நாளெல்லாம், சாமி."

அம்பத்துமூணு மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். மணியை உருட்டும்போதும் மனம் கயிற்றைத்தான் மடித்தது.

இனி முனியம்மா வீட்டுக்கு வருகிறேன். முனியம்மாக்கா காத்திவாக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்தவள். முந்தின வருஷக் காற்றில் அவள் கீற்றுக் கூரை பறந்து, மூட்டை மூட்டையாகக் கருவாடு நனைந்து புழுத்துப்போனது. ஐப்பசி மழைக்குள் ஓடு ஏற வேண்டும் என்று ஆவணியிலேயே எங்களைப் பிடித்துவிட்டாள். "மழ மொதல்ல வந்துச்சுன்னா, உங்க தலமேல ஓட்ட அடுக்கி நான் கீய குந்திக்குவேன்" என்பாள்.

அது கால்வாய் ஓரத்து மனை. அம்பது அடி நீளம். ஒரு சாண் நிலத்தையும் விடக்கூடாது என்று கால்வாய்ப் பக்கத்துச் சுவரைக் கரையோடு ஒட்டி எழுப்பியிருந்தார்கள். கரை கோணலாக விலகிப் போனதால் சுவரும் பின்னால் போகப் போக விலகிப் போயிற்று. வாசலில் நின்றால் அது கண்ணுக்குத் தெரியாது. நடுவில் தடுப்புச் சுவர் மறைத்தது. பின்கட்டில் மார்பளவுக்கு ஓடு அடுக்கிக் கிடந்தது.

மேஸ்திரி மூலைமட்டத்தை ஏழுமலையிடம் கொடுத்தார். முந்தின வீட்டுக்கும் அவனிடம்தான் கொடுத்திருந்தார். இந்த வீடும் முடிந்தால் அவன் இரண்டாம் மேஸ்திரி. நான் அவன் சொல்கிற அளவுக்கு மரம் அறுக்க வேண்டியவன்.

மேஸ்திரியிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரம் பார்த்து வாசல் பக்கம் அகலத்துக்குக் கயிறு போட்டால், அந்தக் கயிற்றுக்கு மஞ்சள் தடவி நிலைப்படியில் கட்டிவிடுவார். முகட்டு மரம் மேலே ஏறும் வரை அதை அவிழ்க்கக் கூடாது, வேறு கயிறும் போடக் கூடாது. மற்ற வீடுகளில் இதனால் ஒன்றும் கெடவில்லை, ஏனென்றால் மற்ற வீடுகள் முன்னும் பின்னும் ஒரே அகலம். இங்கேயும் ஏழுமலை வாசலில் கயிறு போட்டான். பதினாலு அடி. ஏழு மடிப்பு. நாற்பத்தொன்பது அங்குலத்துக்கு ஒரு குச்சி வெட்டிக் கொத்தனாரிடம் கொடுத்தான். முன்னாலும் பின்னாலும் முக்கோணச் சுவரை அந்த உயரத்துக்கு எழுப்ப வேண்டும், அதன்மேல் முகட்டு மரம் உட்காரும்.

மூன்றாம் நாள் நான் சுவர்மேல் படுக்கைக் கட்டை வைத்துக்கொண்டே பின்பக்கம் போனேன். கடைசியில் ஒரு குறுக்கு விட்டம் போட வேண்டும். ஓட்டுக் குவியலுக்கு மேலே, சுவருக்குச் சுவர் அடிக்கோலை வைத்து அளந்தேன். பதினேழு அடி வந்தது. திரும்ப அளந்தேன். பதினேழுதான். கட்டையின் மேல்புறத்தில் சிலுவை போட்டு 17 என்று எழுதினேன்.

எழுதிய உடனேயே கணக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அதற்குப் பென்சில்கூட வேண்டியிருக்கவில்லை. பாதி எட்டரை. ஏழால் பெருக்கினால் அம்பத்தொன்பதரை. குச்சி நாற்பத்தொன்பது. பத்தரை அங்குலம் குறைவு. இந்த உயரத்தில் முகடு போனால் பின்கட்டில் வாட்டம் ஆறுக்கும் கீழே. அங்கேதான் முனியம்மாக்கா கருவாட்டு மூட்டை வைக்கப்போகிறாள்.

கொத்தனார் எனக்குப் பத்தடியில் நின்று செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வரிசைதான் ஏறியிருந்தது. வாசல் பக்கத்தில் ஏழுமலை ஏதோ சொல்லிச் சிரிப்பதும், முனியம்மாக்கா, "உன் வாய்ல சுண்ணாம்ப வச்சுப் பூச" என்று திட்டுவதும் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். குறுக்கு விட்டத்தைப் பதினேழடிக்கு அறுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். காய்ச்சலோடு வந்திருந்தார், அதனால் மேலே ஏறவில்லை. கீழே நின்றபடியே, "பின்னாடி எல்லாம் சரியா கீதா சூசை?" என்றார்.

"கட்டை நல்லா உக்காந்துகீது மேஸ்திரி" என்றேன்.

கட்டை நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. என் வாயிலிருந்து பொய் வரவில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் புதன்கிழமை. சூசையப்பருக்கு உகந்த நாள், அவரும் தச்சர். கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சுரூபத்தின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பத்து நாளில் முக்கோணச் சுவர்கள் நின்றன. தேங்காய் உடைத்து முகட்டு மரத்தை ஏற்றினோம். மஞ்சள் கயிறு அவிழ்ந்தது. ஏழுமலை வாசல் பக்கத்திலிருந்து, முகட்டையும் சுவரையும் சேர்க்கும் கைமரங்களைச் சாய்த்துக்கொண்டே வந்தான். வாட்டம் பார்க்க ஏழுக்குப் பன்னிரண்டாக வெட்டிய முக்கோணப் பலகை ஒன்று வைத்திருந்தான். முன்னால் அது மயிரிழை தவறாமல் உட்கார்ந்தது. நடுக்கட்டில் ஒரு விரல் நுழைந்தது. பின்கட்டில் மூன்று விரல்.

நான் கீழே ரீப்பர் அறுத்துக்கொண்டிருந்தேன். அவன் பாட்டு நின்றது கேட்டது. அவிழ்த்த கயிற்றோடு பின்சுவருக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தான். நேராக இறங்கி, மேஸ்திரி எங்கே என்று தேடிப்போய், எல்லோருக்கும் முன்னால் சொன்னான்.

"மேஸ்திரி, தப்பு பண்ணிட்டேன். பின்னாடி அகலம் ஜாஸ்தி. நான் அளக்கல."

மேஸ்திரி துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம் கறுத்திருந்தது.

முனியம்மாக்காதான் கத்தினாள். "இன்னாடா சொல்ற? ஏத்துன மரத்த எறக்கப் போறியா? ஊருல ஒருத்தன் உருப்படியா வந்தான்னு சொல்லிகினு திரிஞ்சேனே ஏயுமல, என் வாயில மண்ணு!"

"எறக்கி ஏத்தித்தான் ஆவணும் அக்கா" என்றார் மேஸ்திரி. "அகலமான பக்கத்த வச்சுத்தான் ஒசரம். முகடு சமமா போவட்டும். வாசல் பக்கம் எட்டரை வரும், பரவால்ல." பிறகு ஏழுமலையின் கையிலிருந்து மூலைமட்டத்தை வாங்கினார். என்னிடம் வந்து, கையில் கொடுக்காமல், நான் அறுத்துக்கொண்டிருந்த மரத்தின்மேல் வைத்தார்.

"சூசை, நாளையிலருந்து நீ பாரு."

ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முகட்டு மரத்தை இறக்கினோம். மறுநாள் கொத்தனார் இரண்டு பக்கமும் பத்தரை அங்குலம் உயர்த்த ஆரம்பித்தார். ஏழுமலை யாரோடும் பேசாமல், நான் சொல்கிற அளவுக்கு மரம் அறுத்தான். மத்தியானம் தூறல் போட்டது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, "இந்தத் தடவ நானே ஒருவாட்டி பின்னால அளந்துடறேன்" என்று ஏணியில் கால் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் குறி நினைவுக்கு வந்தது. சிலுவையும் 17-உம். எங்கள் கூட்டத்தில் சிலுவை போட்டு அளவு எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான். குறுக்கு விட்டம் போட்ட அன்றைக்கே எழுதியது என்று பார்த்தவுடன் மேஸ்திரிக்குப் புரியும். முன்பக்கத்தில் சாத்தியிருந்த ஏணியில் ஏறி, சுவர்மேல் ஓடினேன். அந்த உயரத்தில் அப்படி நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

பின்கோடியில் ஏழுமலை சுவரின் இருபக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் இழைப்புளி. அவனுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை வெள்ளையாக, புது மரம் மாதிரி இருந்தது. குறி இல்லை.

மேஸ்திரி தலையை நீட்டினார். "இன்னாத்துக்கு இங்க இழைச்சிகினு கீற ஏழு?"

"சிலாம்பா இருந்துச்சு மேஸ்திரி. கையில ஏறுது."

மேஸ்திரி அளந்தார். "பதினேழு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஏழுமலை மடியிலிருந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினான். இழைத்த சுருள். மெல்லிசாக, மோதிரம் மாதிரி சுருண்டிருந்தது. உள்பக்கத்தில் என் பென்சில் சிலுவையும் பக்கத்தில் 17-உம் அப்படியே இருந்தன.

"உன் சாமி குறி போட்டுகீற. கீய வுட்டா எவனாவது மிதிப்பான். வச்சுக்க."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வேன்.

"எப்ப அளந்த?" என்றான்.

"கயிறு போட்ட மூணாம் நாள்."

அவன் முக்கோணச் சுவரைப் பார்த்தான். "அன்னிக்கு ரெண்டு வரிசைதான் ஏறிகீது" என்றான். பிறகு, "எயுந்திரு, மழ வருது. ஓடு நனையறதுக்குள்ள கைமரம் ஏத்தணும்" என்று என்னைத் தாண்டி, சுவர்மேல் நடந்து போனான்.

வீடு மழைக்குள் முடிந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடைசி ஓடு ஏறிய அன்று ஏழுமலை மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு படகு கட்டுகிற வேலைக்கே திரும்பிப் போய்விட்டான். மேஸ்திரி இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. தன் தப்பால் போகிறான் என்று நினைத்தார். நான் இரண்டாம் மேஸ்திரி ஆனேன், பிறகு மேஸ்திரியும் ஆனேன். இரண்டு கோடியும் அளக்காமல் ஒரு கைமரம் ஏறவிட்டதில்லை. அதைத்தான் பிள்ளைகள் என் சட்டம் என்கிறார்கள்.

சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரியிடம் போய் உண்மையைச் சொல்லச் சொன்னார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்தேன். மேஸ்திரியின் துண்டு கண்ணில் நிற்கும். அவர் ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

ஏழுமலையைப் பின்பு ஒரே ஒரு தடவை டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. அவனாகத்தான் வந்தான்.

"இன்னா மேஸ்திரி, முனிமாக்கா வூடு ஒயுவுதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? மூஞ்ச ஏன் அப்டி வச்சிகீற?" என்று தோளில் தட்டினான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எண்ணூர் பஸ் வந்தது. ஏறி, படியில் நின்றபடி கையைக் காட்டினான். அந்தப் பஸ்ஸில் கண்டக்டர்கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

மறைக்காமல் சொல்கிறேன். அவன் கயிற்று மடிப்பு என் பென்சிலைவிட வேகம் என்று தெரிந்தும், என் தொழில் காலம் முழுக்க ஒரு தடவைகூட அப்படிக் கணக்குப் போடவில்லை. யாருக்கும் சொல்லியும் தரவில்லை. இப்போது மேலே எழுதியிருக்கிறேன். அது ஏழுமலையின் முறை, அந்தப் பேரிலேயே வழங்கட்டும். அவன் சாவுக்குக் காத்திவாக்கம் போனேன். ஊரே அழுதது. எனக்கு இவ்வளவு பேர் அழுவார்களா என்று அங்கேயும் என் மனம் எண்ணியது. மூலைமட்டத்தை நான் அவனிடமிருந்து பறித்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சுருளை என்னிடம் நீட்டினானே, அந்தக் கையை என்னால் முந்த முடியவில்லை. அம்பத்துமூணு மணியும் அதைத் தீர்க்கவில்லை.

இதைப் படிக்கிற சங்கத்துப் பிள்ளைகளே, அடுத்தவனுக்கு இதைச் சொல்லும்போது இருக்கிறபடியே சொல்லுங்கள். சூசை மேஸ்திரி வயசானவர், பாவம் என்று என் பங்கில் ஓர் அங்குலம்கூட இழைத்துவிடாதீர்கள். எனக்காக ஒருவன் ஏற்கெனவே இழைத்துவிட்டான். அந்தச் சுருள் என் ஜெபப் புத்தகத்தில், சூசையப்பர் பிரார்த்தனை இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. மரம் பழுத்துப் பழுப்பாகிவிட்டது. பென்சில் கோடு மட்டும் இன்னும் அழியவில்லை.